டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இதய ஆபத்தை முன்கூட்டியே கணிப்பது எப்படி: டெல்டா குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் டயாலிசிஸ் பிரிவுகளின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "கிரியாட்டினின் எவ்வளவு?" என்பதுதான். பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் தந்தையை ஆறு ஆண்டுகள் டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்ற காலத்தில் நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கிரியாட்டினின், அதாவது தசையிலிருந்து வரும் கழிவின் எண், இதயத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. சில சமயம் அது குறைந்துகொண்டே வருவது தசை கரைந்து உடல் மெலிவதன் அடையாளமாக இருக்கும். நாம் மகிழ வேண்டிய செய்தி அன்று அது.

டயாலிசிஸில் இருப்பவர்களின் இறப்புகளில் ஏறத்தாழப் பாதி இதயமும் இரத்தக்குழாய்களும் சார்ந்தவை. அதே வயதுள்ள பிறரோடு ஒப்பிட்டால் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 10 முதல் 20 மடங்கு வரை கூடுதல் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. வயது குறைந்தவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. ஆகவே ஆபத்து இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை முன்பே தெரியும். எந்த வழியாக வருகிறது, எப்போது வருகிறது, இந்த மாதம் சென்ற மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பவையே கணிக்க வேண்டியவை. அதற்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி டயாலிசிஸ் அட்டையிலேயே ஒவ்வொரு முறையும் எழுதப்படுகிறது. அதை வரிசையாகப் படிப்பவர்தான் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை வைத்து அந்த வேலையைக் குடும்பத்தினர் செய்வதற்கான வழிமுறையே இக்கட்டுரை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் பொறுப்பு. அவர் முன் சரியான தகவலை வைப்பது நம் பொறுப்பு.

பொதுவான கணக்கீடுகள் ஏன் பொருந்துவதில்லை

இதய ஆபத்தைக் கணக்கிடும் பழைய முறைகள் பலவற்றுக்கு வேர், 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் தொடங்கிய நீண்டகால ஆய்வு. வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு அடுத்த பத்தாண்டு ஆபத்தை அது கூறும். டயாலிசிஸ் நோயாளிக்கு அதைப் பயன்படுத்தினால் ஆபத்தைக் குறைத்தே காட்டும். காரணம், இங்கே சில எண்கள் தலைகீழாக நடந்துகொள்கின்றன. பொதுமக்களிடம் கொழுப்பு கூடினால் ஆபத்து; டயாலிசிஸில் இருப்பவரிடம் கொழுப்பு மிகக் குறைந்திருப்பது பெரும்பாலும் ஊட்டமின்மையையும் உள்ளே நீடிக்கும் அழற்சியையும் காட்டுவதால் அதுவே கெட்ட அறிகுறி. உடல் எடையும் அப்படித்தான். 2005இல் ஜெர்மனியில் சர்க்கரை நோயுள்ள 1,255 டயாலிசிஸ் நோயாளிகளிடமும், 2009இல் பல நாடுகளைச் சேர்ந்த 2,776 பேரிடமும் நடத்தப்பட்ட இரு பெரும் ஆய்வுகளில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதனால்தான் டயாலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாக அம்மாத்திரையைத் தொடங்க வேண்டாம் என்றும், முன்பிருந்தே உட்கொள்பவர் தொடரலாம் என்றும் 2013ஆம் ஆண்டின் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல் கூறியது.

காரணத்தை டெல்டாவில் வயல் வைத்திருப்பவருக்கு எளிதில் விளக்கலாம். வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் தூர்ந்த வயலில் நீர் நின்றால் வரப்பு எந்த இடத்தில் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறுநீரகம் உடலின் வடிகால். அது அடைபட்ட பின் தேங்கும் நீரை வாரம் இரண்டு மூன்று முறை இயந்திரம் இறைத்து வெளியேற்றுகிறது. இடைப்பட்ட நாட்களில் அந்த நீரின் சுமையை இதயம் தாங்குகிறது. அதனால் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. டயாலிசிஸ் தொடங்கும்போதே நான்கில் மூவருக்கு இந்தத் தடிப்பு இருக்கலாம். பாஸ்பரஸ் மிகுவதால் இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைக்கிறது. பொட்டாசியம் ஏறி இறங்குவதால் இதயத்தின் மின்துடிப்பு தடுமாறுகிறது. ஆக, கொழுப்பு அடைத்து வரும் மாரடைப்பைவிட, திடீரெனத் துடிப்பு குலைந்து நிகழும் மரணமும் இதயச் செயலிழப்புமே இங்கே பெரிய அச்சுறுத்தல்கள்.

முதல் படி: கடந்த காலத்தை ஒரே பக்கத்தில் எழுதுதல்

நோட்டின் முதல் பக்கத்தில், நோயாளியின் வயது, டயாலிசிஸ் தொடங்கிய மாதமும் ஆண்டும், சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது, முன்பு மாரடைப்பு, பக்கவாதம், காலில் இரத்த ஓட்டக் குறைவு ஏற்பட்டதா, ஸ்டென்ட் வைக்கப்பட்டதா, குடும்பத்தில் எவராவது இளவயதில் திடீரென இறந்தாரா என்பவற்றை எழுதுங்கள். புகையிலையைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். பீடி, சிகரெட் இல்லை என்பவர்கள் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையைப் பழக்கமாகவே கருதுவதில்லை. டயாலிசிஸ் எந்த வழியாக நடக்கிறது என்பதும் இப்பக்கத்தில் இருக்கட்டும்: கழுத்தில் குழாயா, கையில் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்த ஃபிஸ்டுலாவா? கழுத்துக் குழாய் நீண்ட நாள் இருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்து இதய வால்வு வரை செல்லக்கூடும்; அளவுக்கு மீறிப் பெருத்த ஃபிஸ்டுலா இதயத்துக்குக் கூடுதல் வேலை கொடுக்கும்.

ஒரு நாளில் இன்னும் எவ்வளவு சிறுநீர் கழிகிறது என்பதை மாதம் ஒருமுறை அளந்து எழுதுவது பலரும் செய்யாத, மிகுந்த பயன் தரும் செயல். 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்து அளந்தால் போதும். அரை லிட்டராவது கழிபவருக்கு இதயத்தின் சுமை கணிசமாகக் குறைகிறது. அந்த மிச்சத்தையும் அழிப்பவை மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். நடவும் அறுப்பும் முடிந்த வாரங்களில் எங்கள் ஊரில் அவை கடலை மிட்டாய் போல விற்கின்றன என்பது எனக்கு உண்மையான வேதனை.

இரண்டாம் படி: எடையைக் கணக்காக மாற்றுதல்

இந்தப் படிக்கே மிகுந்த நேரம் கொடுங்கள். அன்றாடம் மாறும் ஆபத்தை இதைப் போல வேறு எதுவும் காட்டுவதில்லை.

உடலில் மிகை நீர் இல்லாத எடையை டயாலிசிஸ் பிரிவில் டிரை வெயிட் என்பார்கள். அந்த எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 63.6 கிலோவோடு வந்தால் இடைப்பட்ட நாட்களில் ஏறியது 3.6 கிலோ, அதாவது 6 விழுக்காடு. இந்த 3,600 மி.லி. நீரை 4 மணி நேரத்தில் எடுக்க வேண்டுமானால், 3,600ஐ 60ஆல் வகுத்து மீண்டும் 4ஆல் வகுக்க, மணிக்குக் கிலோவுக்கு 15 மி.லி. என்று வரும். 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த வேகம் 13ஐத் தாண்டும்போது இதய மரணங்கள் கூடுவதைக் காட்டியது. 10ஐக் கடந்ததும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அதே நீரை 5 மணி நேரத்தில் எடுத்தால் வேகம் 12ஆகக் குறைகிறது. ஏறிய எடை 4 விழுக்காடு, அதாவது 2.4 கிலோ மட்டுமே என்றால் 4 மணி நேரத்திலேயே வேகம் சரியாக 10. எனவே 4 விழுக்காடு என்பதை மனத்தில் நிறுத்தும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

வேகமாக நீர் எடுக்கும்போது அழுத்தம் சரிந்து, தசைப் பிடிப்பும் தலைச்சுற்றலும் வருகின்றன. அந்த நேரத்தில் இதயத் தசையின் சில பகுதிகளுக்கு இரத்தம் போதாமல் அவை தற்காலிகமாக மரத்துப்போகின்றன. இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் நிலையான பலவீனமாகிறது. ஆகவே நோட்டில் ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: வந்த எடை, போன எடை, எடுத்த நீரின் அளவு, எத்தனை மணி நேரம், இடையில் மேல் அழுத்தம் 90க்குக் கீழே இறங்கியதா. ஒரு மாதத்தில் மூன்று நான்கு முறை அழுத்தம் சரிந்திருந்தால், டிரை வெயிட் சரிதானா என்றும் நேரத்தை நீட்டலாமா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் அது. பசியின்றி மெலிந்துவரும் நோயாளிக்குப் பழைய டிரை வெயிட்டையே வைத்திருந்தால், கரைந்த தசையின் இடத்தில் நீர் நிற்கும்; தராசு மாற்றம் காட்டாது.

நீர் ஏறுவதற்குக் குடிக்கும் தண்ணீரை மட்டும் குறை சொல்வது வழக்கம். உப்புதான் முதல் காரணம். ஏறத்தாழ 8 கிராம் உப்பு உடலில் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும்; தாகம் தானாக வரும். நாகப்பட்டினம் பக்கத்துக் கருவாடு, மோர் மிளகாய், வடாம், அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றைத் தொடாதவருக்குத் தண்ணீரை அளந்து குடிப்பது பெரும் போராட்டமாக இருப்பதில்லை. சாம்பார், ரசம், மோர், காபி, பழைய சோற்றின் நீராகாரம் எல்லாம் நீர்க் கணக்கில் சேரும் என்பதையும் வீட்டில் சமைப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் படி: இடைவெளியைக் கவனித்தல்

வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு வார இறுதியில் ஒரு நீண்ட இடைவெளி வருகிறது. அந்த இடைவெளிக்கு அடுத்த நாள்தான் இறப்புகளும் இதயக் காரணத்தால் மருத்துவமனையில் சேர்வதும் மிகுதி என்று 2011ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் பகுதியில் பலரும் வாரம் இருமுறையே செய்துகொள்கிறார்கள். பேருந்துச் செலவும் கூலி இழப்பும் இயந்திரத்துக்கான வரிசையும் சேர்ந்து அப்படி ஆக்குகின்றன. அவர்களுக்கு இடைவெளி மூன்று நான்கு நாட்கள். சிறுநீர் ஓரளவு கழிந்துகொண்டிருந்தால் இருமுறை சிலருக்குப் போதலாம்; அது நின்ற பிறகும் இருமுறையே தொடர்வதை உயர்ந்த ஆபத்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் தந்தைக்கு ஓராண்டு முழுவதும் திங்கட்கிழமை விடியலில் மட்டும் மூச்சு வாங்கியது. இரண்டு தலையணை வைத்தாலும் படுக்க முடியவில்லை. நாங்கள் அதை முதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தேதிகளை ஒரு வரிசையில் எழுதிப் பார்த்தபோதுதான், சனி ஞாயிறு இடைவெளியின் முடிவில் மட்டுமே அது வருகிறது என்று தெரிந்தது. தவறவிட்ட டயாலிசிஸ் முறைகளையும் குறைந்த நேரத்தில் எழுந்துவிட்ட முறைகளையும் நோட்டில் சிவப்பு மையால் குறியுங்கள். பொங்கலும் திருமணங்களும் வரும் தை மாதத்தில் சிவப்பு கூடுவதைக் காண்பீர்கள்.

வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸில் இந்த நீண்ட இடைவெளி இல்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் அதற்கான பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. எல்லோருக்கும் பொருந்தாது என்றாலும் மருத்துவரிடம் கேட்கத்தக்க வழி அது.

நான்காம் படி: அழுத்தத்தை வீட்டில் அளத்தல்

டயாலிசிஸ் பிரிவில் அளக்கும் அழுத்தம் நீர்ச்சுமை, பயணக் களைப்பு, பதற்றம் எல்லாம் கலந்தது. இதய ஆபத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது வீட்டில் எடுக்கும் அளவு. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமர்ந்தபின், ஃபிஸ்டுலா இல்லாத கையில் அளந்து இரண்டு வாரம் எழுதுங்கள். தொடர்ந்து 140/90க்கு மேல் இருந்தால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் நீர் முழுவதும் எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதே முறை. முன்பு உயர்ந்திருந்த அழுத்தம் மருந்து கூட்டாமலே 100க்கு இறங்கி நின்றால், குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குறைந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: இரத்தப் பரிசோதனைத் தாளில் எதைப் பார்ப்பது

ஒரே ஒரு தாளைப் பார்க்காமல் ஆறு மாதத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பொட்டாசியம் டயாலிசிஸுக்கு முன் 6ஐத் தாண்டுவது உடனடி ஆபத்து. 4க்குக் கீழே இருப்பதும் பாதுகாப்பானது அன்று, ஏனெனில் இயந்திரம் அதை மேலும் இறக்கும்போது துடிப்பு தடுமாறும். தென்னந்தோப்பும் வாழைக்கொல்லையும் சூழ்ந்த ஊர்களில், உபசாரமாக வெட்டிக் கொடுக்கும் ஓர் இளநீரே சித்திரை வெயிலில் ஒருவரைத் தீவிரச் சிகிச்சைக்கு அனுப்பிவிடக்கூடும். பூவன், ரஸ்தாளி, கீரை, வாழைத்தண்டு ஆகியவற்றின் அளவை உணவியலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்களை நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீங்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருப்பதால் அது இவர்களுக்கு நஞ்சு.

பாஸ்பரஸ் 5.5 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் நீடிப்பதும், உடலின் சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிக்கொண்டே போவதும் இரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிவதை முன்னறிவிக்கின்றன. பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்காமல் இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பயனில்லை. இரத்தப் புரதமான ஆல்புமின் 3.5க்குக் கீழே இறங்கிக்கொண்டிருப்பது, என் கணிப்பில், இந்தத் தாளிலேயே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய எண். ஊட்டமின்மை, அழற்சி, மறைந்திருக்கும் தொற்று ஆகிய மூன்றையும் அது ஒருசேரச் சொல்கிறது. ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை இருப்பது போதும். ஊசி போட்டு 13க்கு மேல் ஏற்றுவதால் நன்மையைவிடத் தீங்கு கூடுகிறது என்பது 2006லும் 2009லும் வெளியான ஆய்வுகளில் தெளிவானது.

ஆறாம் படி: இசிஜி, எக்கோ

டயாலிசிஸ் தொடங்கும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இசிஜி எடுத்து, பழைய தாளை எறியாமல் வைத்திருங்கள். மார்வலியோடு அவசரப் பிரிவுக்குச் செல்லும்போது, ஒப்பிட ஒரு பழைய இசிஜி இருப்பது மருத்துவருக்குப் பெரும் உதவி. க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம், நீண்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது நீண்டவருக்கு, வாந்திக்கும் சளிக்கும் வழக்கமாகத் தரப்படும் டொம்பெரிடோன், அசித்ரோமைசின் போன்றவை கூட ஆபத்தாகலாம்.

இதயத்தின் ஒலி அலைப் படமான எக்கோவை எடுக்க வேண்டிய நாள் முக்கியம். எங்கள் வீட்டில் நிகழ்ந்த தவறு இதுதான்: நீர் நான்கு கிலோ ஏறியிருந்த நாளில், டயாலிசிஸுக்கு முன்பாக, ஓரிடத்தில் எக்கோ எடுத்து இதயம் மிகவும் பலவீனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. டிரை வெயிட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் மீண்டும் எடுத்தபோது படம் வேறாக இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், டிரை வெயிட் நிலைத்தபின் முதல் எக்கோவும், அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் என்று 2005ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. புதிதாக மூச்சுத் திணறலோ அழுத்தச் சரிவோ வந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது. இறைக்கும் ஆற்றல் 55 அல்லது 60 விழுக்காடு என்று கண்டதும் தாளை மடித்துவிடாமல், சுவர்த் தடிப்பு, விரிவடைவதில் குறை, வால்வில் சுண்ணாம்புப் படிவு, இதயத்தைச் சுற்றி நீர் ஆகிய நான்கும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்.

ஏழாம் படி: ட்ரோபோனினும் ஆஞ்சியோவும்

மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின், டயாலிசிஸ் நோயாளிகள் பலரிடம் மாரடைப்பு இல்லாமலே உயர்ந்திருக்கும். நலமாக இருக்கும் ஒரு நாளில் எடுத்து அடிப்படை அளவாகக் குறித்து வைத்தால், அவசரத்தில் வரும் எண் புதிதாக ஏறியதா, வழக்கமானதா என்று சில மணி நேர இடைவெளியில் எடுக்கும் இரண்டாம் அளவோடு சேர்த்துப் பிரித்தறியலாம். அமைதியான காலத்திலேயே அது மிக உயர்ந்து நிற்பவருக்கு வரும் ஆண்டுகளின் ஆபத்து கூடுதல்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மார்வலி இல்லாமலே இதயத்துக்கு இரத்தம் குறையலாம் என்பதால், சிலருக்கு மருந்து செலுத்தி எடுக்கும் எக்கோவை மருத்துவர் பரிந்துரைப்பார். ஆனால் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் ஆஞ்சியோ என்பது சரியான வழி அன்று. தீவிரச் சிறுநீரக நோயுள்ள 777 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான இதய நோய்க்கு உடனே ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நீண்ட காலம் வாழவில்லை. நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டுவதற்கு முன் இரண்டாம் மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்பது தவறாகாது. சிறுநீரக மாற்று அறுவைக்குப் பெயர் பதிந்தவர்களின் நிலை வேறு; அவர்களுக்கு விரிவான இதயப் பரிசோதனை தேவைப்படும்.

எட்டாம் படி: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தல்

டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே உருவான கணிப்பு மாதிரிகளும், கணினிக்குக் கற்பித்து உருவாக்கும் புதிய மாதிரிகளும் உள்ளன. அவற்றின் விடையை ஏற்குமுன், யாருடைய தரவில் அவை கற்றன என்று கேட்க வேண்டும். வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் செய்துகொள்ளும் ஐரோப்பியரின் தரவில் கற்ற மாதிரி, வாரம் இருமுறை செய்துகொண்டு வெயிலில் வயல் வேலையும் பார்க்கும் ஒருவருக்கு ஆபத்தைக் குறைத்துச் சொல்லிவிடலாம். யார் யாரைவிட ஆபத்தில் இருக்கிறார் என்ற வரிசையை அது சரியாகச் சொன்னாலும், எத்தனை விழுக்காடு என்பதில் தவறக்கூடும்.

நான் பின்பற்றிய முறை எளியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினேன். நீர்ச்சுமை கூடியிருக்கிறதா? உடல் தேய்கிறதா? துடிப்பைக் குலைக்கும் காரணம் ஏதும் சேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றால் அடுத்த வழக்கமான சந்திப்பில் சொல்வது. இரண்டுக்கு ஆம் என்றால் அந்த வாரமே சிறுநீரக மருத்துவரைப் பார்த்து இதய மருத்துவரின் கருத்தையும் கேட்பது. மூன்றுக்கும் ஆம் என்றால் மறுநாளே செல்வது. இது ஆய்வில் சரிபார்த்த அளவுகோல் அன்று, ஒரு குடும்பத்தின் ஒழுங்கு மட்டுமே. ஆனால் இருபது நோயாளிகளைப் பார்க்க வேண்டிய மருத்துவரிடம் கிடைக்கும் ஐந்து நிமிடத்தை அது வீணாக்குவதில்லை.

ஒன்பதாம் படி: கடைசிப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கம் அவசரத்துக்கானது. படுத்தால் மூச்சுத் திணறல், மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ அழுத்தம், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை, மயக்கம், திடீரெனக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மார்வலியோடு வருபவருக்கு முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. அங்கே நுழையும்போதே டயாலிசிஸ் நோயாளி என்பதையும், கடைசியாக எப்போது டயாலிசிஸ் நடந்தது என்பதையும், அடுத்து எப்போது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசியும் அழுத்தமானியும் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதி மழைக்காலத்துக்கானது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபின் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்தில் சாலையில் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து கிடந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே, வழக்கமான பிரிவு இயங்காவிட்டால் செல்லக்கூடிய மேலும் இரண்டு டயாலிசிஸ் பிரிவுகளின் எண்கள், வண்டி ஓட்டுபவரின் எண், இரத்த வகை, மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனையின் முடிவும் தேதியும், தற்போதைய டிரை வெயிட் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் அடுத்த டயாலிசிஸை ஒரு நாள் முன்னதாகவே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அன்றிலிருந்தே உப்பையும் நீரையும் பாதியாகக் குறைத்து, பழங்களையும் இளநீரையும் அறவே நிறுத்தி, காலையும் இரவும் எடை பாருங்கள். எடை டிரை வெயிட்டைவிட 4 விழுக்காடு ஏறியதும், சாலை திறந்திருக்கும்போதே புறப்பட்டுவிடுங்கள்.